கடைமடைக்குத் திரும்பி வந்தவர்களுக்கு: முதல் ஆண்டு வேலைகள்

திருப்பூரிலோ துபாயிலோ பத்துப் பதினைந்து வருடம் வேலை பார்த்துவிட்டு, அப்பா விட்டுப்போன ஒன்பது மா (சுமார் மூன்று ஏக்கர்) நிலத்தைப் பார்க்க ஊர் திரும்புகிறவர்கள் எங்கள் பக்கம் இப்போது அதிகம். எங்கள் பக்கம் என்றால் தலைஞாயிறுக்கும் வேதாரண்யத்துக்கும் இடைப்பட்ட கடைமடை. காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் இடம், கடல் தண்ணீர் முதலில் ஏறிவரும் இடம். வந்து இறங்கியதும் அப்பா செய்தபடியே நாற்றுவிட்டு நடவுசெய்து பார்க்கிறார்கள். ஒரு வருடம் காய்கிறது, மறு வருடம் மூழ்குகிறது. மூன்றாவது வருடம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு மறுபடி பஸ் ஏறிவிடுகிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அப்பா காலத்துக் கணக்கு ஏன் பலிப்பதில்லை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். மேட்டூர் அணை ஜூன் 12-ல் திறக்கும் என்பதை வைத்துத்தான் குறுவை, சம்பா, தாளடி என்ற மூன்று நெல் பருவமும் ஓடின. 2012 முதல் 2019 வரை எட்டு வருடம் அந்தத் தேதியில் அணை திறக்கவில்லை. 2016-ல் வடகிழக்குப் பருவமழை பாதிகூடப் பெய்யாமல் போய், 2017 ஜனவரியில் தமிழகம் முழுவதையும் வறட்சி என்று அறிவித்தார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கஜா புயல் கரை கடந்தது. 2021 ஜனவரியில், மழையே இருக்கக்கூடாத தை மாதத்தில், அறுப்புக்கு நின்ற சம்பா மழையில் சாய்ந்து கதிரிலேயே முளைத்தது. பத்தே வருடத்துக்குள் இத்தனையும். இதில் எது எந்த வருடம் வரும் என்று யாரும் சொல்ல முடியாது. எது வந்தாலும் முழுசாகப் போகாத மாதிரி வயலை வைத்துக்கொள்வது நம்மால் முடியும்.

முதல் வேலை: தண்ணீர் போகும் வழியை நடந்து பாருங்கள்

விதை, உரம், டிராக்டர் எல்லாம் அப்புறம். சித்திரை, வைகாசியில் வாய்க்கால் காய்ந்து கிடக்கும்போது ஒரு நாள் ஒதுக்குங்கள். உங்கள் வயலின் பள்ளமான மூலையில் ஆரம்பித்து, தண்ணீர் வடியும் வழியிலேயே நடந்து போங்கள். வயலிலிருந்து கன்னி வாய்க்கால் (வயலோரச் சிறு வாய்க்கால்), அதிலிருந்து வடிகால், வடிகாலிலிருந்து ஆறு, ஆற்றிலிருந்து கடைமடை ஒழுங்கி (கதவு வைத்த ரெகுலேட்டர்), அங்கிருந்து முகத்துவாரம். முழுத் தூரமும் ஒரே நாளில் முடியாவிட்டாலும் முதல் இரண்டு மூன்று கிலோமீட்டராவது நடந்தே ஆகவேண்டும்.

இதை நான் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். ஊருக்குத் திரும்பிய முதல் சம்பாவில், மழை விட்டு நான்கு நாளாகியும் என் வயலில் முழங்கால் தண்ணீர் நின்றது. பக்கத்து வயல் மாமா வரப்பில் வந்து நின்று, “தண்ணி எந்தப் பக்கம் போவுதுன்னு தெரியுமா தம்பி?” என்று கேட்டார். பிறந்து வளர்ந்த ஊர்தான், ஆனால் எனக்குத் தெரியவில்லை. அவர் ஒரு கம்பை எடுத்துக்கொண்டு என்னைக் கூட்டிப் போனார். அரை கிலோமீட்டரில் புதிதாகப் போட்ட ரோடு. ரோட்டுக்கு அடியில் குழாய் பதித்திருந்தார்கள். அவர் கம்பை வடிகாலுக்குள் விட்டு ஊன்றிப் பார்த்து, நனைந்த அளவை விரலால் பிடித்துக் காட்டினார். வடிகாலின் அடிமட்டத்தைவிடக் குழாய் ஒரு முழம் உயரத்தில் இருந்தது. அந்த ஒரு முழத் தண்ணீர் எங்கேயும் போக வழியில்லாமல் எங்கள் இருபது வீட்டு வயலிலும் நின்றது. நட்டு இருபது நாளான பயிர், பதினோரு நாள் மூழ்கிக் கிடந்து அழுகிப் போனது. சித்திரையிலேயே பார்த்திருந்தால் ஊர்க்கூட்டத்தில் பேசி மனு கொடுத்திருக்கலாம், குறைந்தபட்சம் ஒரு குறுக்கு வெட்டாவது வெட்டியிருக்கலாம்.

நடந்து போகும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். வடிகாலில் வெங்காயத்தாமரையும் நெய்வேலிக் காட்டாமணக்கும் எவ்வளவு அடைத்திருக்கின்றன, குழாயும் மதகும் எந்த மட்டத்தில் இருக்கின்றன, கரை எங்கே உடைந்து மூங்கிலும் மணல்மூட்டையும் வைத்த தடம் தெரிகிறது, வடிகாலை ஒட்டி யாராவது மண்மேவி மனை போட்டிருக்கிறார்களா. எல்லாவற்றையும் போட்டோ எடுத்துத் தேதியோடு வைத்துக்கொள்ளுங்கள். தூர்வாரும் பணிக்கு வேலைப் பட்டியல் போடும் நேரத்தில் வெறும் வாய்ச்சொல்லைவிட இதற்கு மதிப்பு அதிகம்.

வடிகால் சுத்தமாக இருந்தாலும் தண்ணீர் எந்த நேரமும் வடிந்துவிடாது. கடைமடையில் நிலம் கடல்மட்டத்தைவிடக் கொஞ்சம்தான் உயரம். கடல் ஏறியிருக்கும் நேரத்தில் ஆற்றுத் தண்ணீர் வெளியே போகாது, ஒழுங்கியின் கதவைத் திறந்தால் உப்புத் தண்ணீர்தான் உள்ளே வரும். கடல் வற்றும் சில மணி நேரத்தில் மட்டுமே வடியும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் ஏற்றம் கூடுதலாக இருக்கும். அந்த நாட்களில் பெருமழை வந்தால் வடிய இன்னும் இரண்டு நாள் கூடுதலாகும் என்று எண்ணிக்கொண்டு வேலையைத் திட்டமிடுங்கள். அரிச்சந்திரா நதி, அடப்பாறு, பாண்டவையாறு, வெள்ளையாறு, வளவனாறு, வேதாரண்யம் கால்வாய் ஆகியவற்றைச் சீர்செய்ய ஆசிய வளர்ச்சி வங்கி 2016-ல் 10 கோடி டாலர் கடன் கொடுத்தது. வெண்ணாற்று வடிநிலம் பருவநிலை மாற்றத்தைத் தாங்கவேண்டும் என்பதற்காகவே போட்ட திட்டம் அது. பெரிய ஆற்றின் கரையும் ஒழுங்கியும் அரசாங்கத்தின் வேலை. உங்கள் வயலிலிருந்து அந்த ஆறு வரைக்கும் உள்ள சின்ன வடிகால் யார் கண்ணிலும் படாது, அதற்கு ஊர்தான் பொறுப்பு.

இரண்டாவது வேலை: உவரா, களரா என்று பிரித்துப் பாருங்கள்

சித்திரை மாதக் காலையில் வரப்போரம் மாவு தெளித்த மாதிரி வெள்ளை பூத்திருந்தால் ‘உப்பு ஏறிவிட்டது’ என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். அதில் இரண்டு வகை இருக்கிறது. உவர் நிலத்தில் கரையும் உப்பு அதிகம், நல்ல தண்ணீர் விட்டு அலசினால் போய்விடும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டிருக்கும். அங்கே மண் இறுகி, தண்ணீர் உள்ளே இறங்காமல், காய்ந்தால் கல்லாகி, நனைந்தால் களியாகிவிடும். வெறும் தண்ணீர் விட்டு அலசினால் களர் தீராது. முதலில் ஜிப்சம் போட்டுச் சோடியத்தைக் கழற்றிவிட வேண்டும். உவர் நிலத்துக்கு ஜிப்சம் கொட்டுவது வீண்செலவு. எனக்குத் தெரிந்தவர் ஒருவர் கடைக்காரர் சொன்னதை நம்பி, பரிசோதனையே செய்யாமல் ஒன்றரை டன் வாங்கிப் போட்டார். அவருடையது சுத்த உவர் நிலம், அவருக்கு வடிகால்தான் தேவைப்பட்டது.

வீட்டிலேயே ஒரு சின்ன சோதனை செய்யலாம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் கால் பாகம் வயல் மண்ணைப் போட்டு, மழைத்தண்ணீர் ஊற்றி நன்றாகக் குலுக்கி ஜன்னலோரம் வையுங்கள். உவர் மண் என்றால் கொஞ்ச நேரத்தில் மண் அடியில் படிந்து மேலே தண்ணீர் தெளிந்துவிடும். களர் மண் என்றால் மறுநாள் காலையிலும் டீ மாதிரி கலங்கலாகவே நிற்கும். இது ஒரு குறிப்புதான், முடிவு அல்ல. சரியான முடிவுக்கு மண் பரிசோதனை நிலையத்துக்குத்தான் போகவேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை: கோடையில், எரு போடுவதற்கு முன்னால், ஒரு வயலில் பத்துப் பதினைந்து இடத்தில் ‘வி’ மாதிரி அரை அடிக்குழி வெட்டி, குழியின் பக்கவாட்டு மண்ணை மேலிருந்து கீழ்வரை ஒரே கனத்தில் சுரண்டி எடுங்கள். எல்லாவற்றையும் சாக்கில் கொட்டிக் கலந்து, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பாகங்களைக் கழித்துக்கொண்டே வந்து அரைக் கிலோவாக ஆக்குங்கள். வெள்ளை பூத்த இடத்து மண்ணை இதோடு கலக்காதீர்கள். அதைத் தனிப் பையில் கட்டித் தனியாகக் கொடுங்கள். போர்த் தண்ணீரோ குளத்துத் தண்ணீரோ இருந்தால் ஒரு பாட்டில் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.

மண் பரிசோதனை அட்டை வந்ததும் இரண்டு எண்ணைப் பாருங்கள். கார அமில நிலை 8.5-க்கு மேல் போனால் களர்ப் பக்கம். மின்கடத்தும் திறன் 1-க்குக் கீழே இருந்தால் கவலையில்லை, 1 முதல் 3 வரை இருந்தால் முளைப்பிலேயே அடிவிழும், 3-ஐத் தாண்டினால் அலசாமல் எதையும் விதைக்க வேண்டாம். களர் என்று தெரிந்தால் எவ்வளவு ஜிப்சம் என்பதை அட்டையைக் காட்டிக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், பக்கத்து வயல்காரர் போட்ட அளவைப் போடாதீர்கள். நாகை மாவட்டக்காரர்களுக்குச் சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம் பக்கம். போனில் கேட்கவேண்டுமானால் விவசாயிகள் அழைப்பு மையம் 1800-180-1551, தமிழிலேயே பேசலாம்.

மூன்றாவது வேலை: மழையை வைத்து உப்பை அலசுவது

2004 டிசம்பர் 26 சுனாமியில் நாகை, காரைக்கால் பக்கம் வயலுக்குள் கடல் வந்து சேற்றைப் படியவிட்டுப் போனது. இனி பத்து வருடத்துக்கு ஒன்றும் விளையாது என்று அப்போது பேசிக்கொண்டார்கள். சேற்றை வழித்து எடுத்து, வரப்பைக் கட்டி, தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுதார்கள். இயற்கை விவசாயம் பேசிய நம்மாழ்வாரும் அவரோடு இருந்தவர்களும் இந்தக் கரையோரக் கிராமங்களில் வந்து நின்று வேலை செய்தார்கள். 2005 வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்து, பெரும்பகுதி உப்பை அலசிக்கொண்டு போய்விட்டது. பல வயல்களில் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே நெல் விளைந்தது. உப்பை வெளியே கொண்டுபோவது நல்ல தண்ணீர் மட்டும்தான். அந்தத் தண்ணீர் வடிய வழி இருந்தால்தான் உப்பும் போகும். முதல் வேலையை முதலில் வைத்ததற்குக் காரணம் இதுதான்.

அறுப்பு முடிந்து நிலத்தைச் சும்மா போட்டால் கோடை வெயில் அடியில் இருக்கும் உப்பை ஈரத்தோடு மேலே இழுத்துவரும். மண்ணில் ஈரம் இருக்கும்போதே ஒரு கோடை உழவு போட்டுவிட்டால் அந்த இழுப்பு அறுந்துபோகும். உழமுடியாத இடத்தில் வைக்கோலைப் பரப்பிவிடுங்கள். சம்பா அறுப்புக்கு ஏழு பத்து நாள் முன்னால், ஈரம் இருக்கும்போதே கதிருக்கு நடுவில் உளுந்து தெளித்துவிடும் நம் ஊர்ப் பழக்கம் இதற்கும் நல்லது. ஆடுதுறை 3 உளுந்து தரிசுப் பயறுக்கென்றே வந்த ரகம். உப்பு கடுமையாக உள்ள துண்டில் மட்டும் உளுந்து வராது, அங்கே போட்டு விதையை இழக்காதீர்கள்.

கோடை மழை கிடைத்ததும் ஏக்கருக்கு 20 கிலோ தக்கைப்பூண்டு விதையுங்கள். உவரையும் தாங்கும், தேங்கிய தண்ணீரையும் தாங்கும். நாற்பத்தைந்து நாளில் பூக்கத் தொடங்கும்போது மடக்கி உழுதுவிட வேண்டும். பூ முற்றிவிட்டால் தண்டு நாராகிவிடும், மட்கப் பல நாளாகும். அப்புறம் வரப்பை ஒரு முழத்துக்குக் குறையாமல் உயர்த்துங்கள். நண்டு வளைகளை ஒவ்வொன்றாகப் பார்த்துக் களிமண் வைத்து மிதித்து அடையுங்கள். பெருமழை பெய்ததும் அரை அடித் தண்ணீரை வயலில் நிறுத்தி, சேறு கலக்கி, மூன்று நான்கு நாள் வைத்திருந்து முழுசாக வடித்துவிடுங்கள். இதை இரண்டு மூன்று தடவை செய்யவேண்டும். வடிக்கும் தண்ணீரைக் கையில் அள்ளி நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தால் முதல் தடவைக்கும் மூன்றாம் தடவைக்கும் வித்தியாசம் தெரியும். எங்கள் மாமாவிடம் வேறு கருவி எதுவும் கிடையாது.

நான்காவது வேலை: ரகமும் நாளும்

கடைமடையில் ஆற்றுத் தண்ணீரை எதிர்பார்த்து நாற்றங்கால் போட்டால், தண்ணீர் வந்து நட்டு முடிப்பதற்குள் ஐப்பசி வந்துவிடும். குருத்து நிமிராத இளம்பயிர் மேல் வெள்ளம் நிற்கும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் புழுதி விதைப்பு. ஆவணி மாதம், காய்ந்த புழுதியில் ஏக்கருக்கு 30 கிலோ விதை. விதையைப் பொட்டாசியம் குளோரைடு ஒரு சதவீதக் கரைசலில் 16 மணி நேரம் ஊறவைத்து நிழலில் உலர்த்தி விதைத்தால் தண்ணீர்த் தட்டுப்பாட்டைக் கொஞ்சம் தாங்கும். ஒரு மழைக்கு முளைத்துவிடும். நவம்பர் நடுவில் புயல் வரும்போது பயிருக்கு அறுபது எழுபது நாளாகி, தூர் கட்டி, வெள்ளத்துக்கு மேலே தலை இருக்கும். களை அதிகம் என்பது உண்மைதான். களைக்கு ஆள் வைப்பதற்கும் மூழ்கிய பயிரை மறுநடவு செய்வதற்கும் ஆகும் செலவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கூட்டிப் பாருங்கள். எனக்குப் புழுதிதான் மலிவாக வந்தது.

ரகத்தில் ஒரே பேரை எல்லா வயலிலும் போடாதீர்கள். பள்ளமான வயலுக்கு சி.ஆர். 1009 சப் 1. முழுசாக மூழ்கினாலும் இரண்டு வாரம் வரை உயிரைப் பிடித்துக்கொண்டிருக்கும். மூழ்கிய நாட்களில் வளர்வதை நிறுத்திச் சத்தைச் சேர்த்து வைத்துக்கொள்ளும் குணம் அதற்கு ஒடிசாவின் பழைய நாட்டு நெல் ஒன்றிலிருந்து வந்தது. 155 நாள் வரை பிடிக்கும், அதனால் தாமதமாக விதைக்கக்கூடாது. உவர், களர் உள்ள வயலுக்குத் திருச்சி 1, திருச்சி 3. இரண்டும் 135, 140 நாளில் வந்துவிடும். மேட்டில் ஒரு மாவாவது நாட்டு ரகத்துக்கு ஒதுக்குங்கள் என்பது என் ஆசை. குழியடிச்சான் உப்பையும் வறட்சியையும் தாங்கும், களர்பாலையின் பேரிலேயே அது எந்த மண்ணுக்கு என்று இருக்கிறது, மடுமுழுங்கி பள்ளத்துக்கு. மகசூல் குறைவு. ஆனால் விதையை நாமே வைத்துக்கொள்ளலாம், கெட்ட வருடத்திலும் சாப்பாட்டுக்கு நெல் இருக்கும். திருத்துறைப்பூண்டியை அடுத்த ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் தொடங்கிய நெல் திருவிழாவால்தான் இந்த விதைகள் பலவும் மறுபடி எங்கள் கைக்கு வந்தன.

நடவு செய்பவர்கள் ஒன்றை நினைவில் வையுங்கள். நெல் முளைக்கும்போது உப்பை ஓரளவு தாங்கும், இளம் நாற்றாக இருக்கும்போது தாங்காது, தூர் கட்டும்போது மறுபடி தாங்கும், கதிர் உருவாகும்போதும் பூக்கும்போதும் மறுபடி தாங்காது. அதனால் உப்பு வயலுக்கு 30, 35 நாள் முற்றிய நாற்றாக, குத்துக்கு மூன்று நான்காக, கொஞ்சம் நெருக்கி நடுங்கள். பூக்கும் சமயத்தில் வயலைக் காயவிடாதீர்கள். காய்ந்தால் மண்ணில் இருக்கும் உப்பு அத்தனையும் வேர்ப் பக்கத்தில் அடர்ந்துவிடும்.

கிணறும் குட்டையும்

ஆழ்துளைக் கிணறு போடலாமா என்று வருகிறவர்கள் எல்லோரும் கேட்கிறார்கள். கடலோர மணல்பாங்கான நிலத்தில் வேண்டாம். மணலுக்குள் இறங்கிய மழைநீர், கனமான உப்புத் தண்ணீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 அடிக்கு நல்ல தண்ணீர் தாங்கும். மேலே ஒரு அடி இறைத்துவிட்டால் கீழிருந்து உப்பு 40 அடி மேலே ஏறிவரும் என்பதும் அதே கணக்குதான். ஏறியது சீக்கிரம் இறங்காது, உங்கள் கிணற்றோடும் நிற்காது. ஆழமில்லாத கிணற்றில், காலையில் கொஞ்சம் மாலையில் கொஞ்சமாக, மேலாக இறைத்துக்கொள்வதே பாதுகாப்பு.

அதைவிட நல்லது பண்ணைக்குட்டை. நிலத்தில் பத்தில் ஒரு பங்கை, பள்ளமான மூலையில் வெட்டுங்கள். உப்பு அடுக்கு தட்டும் ஆழத்துக்குப் போகாதீர்கள். ஆறேழு அடியில் ஊறிவரும் தண்ணீரை நாக்கில் வைத்துப் பார்த்து அங்கேயே நிறுத்திவிடுங்கள். வெட்டிய மண் வரப்பை அகலமாக்க உதவும். அந்த மேட்டில் கத்தரி, வெண்டை, தென்னை எல்லாம் வெள்ளத்துக்கு மேலே நிற்கும், மழை அதன் உப்பைக் கழுவிக்கொண்டே இருக்கும். குட்டையில் மீன் விடலாம். நெல் போன வருடத்தில் எங்கள் வீட்டுச் செலவு இரண்டு மாதம் குட்டை மீனிலும் வரப்புக் காயிலும்தான் ஓடியது.

காகிதங்கள்

பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டில் சம்பா நெல்லுக்கு விவசாயி கட்டுவது காப்பீட்டுத் தொகையில் ஒன்றரை சதவீதம். பதிவுக்குக் கடைசி நாள் வழக்கமாக நவம்பர் 15-ஐ ஒட்டி வரும், ஒவ்வொரு வருடமும் அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். கஜா வந்தது நவம்பர் 16. கடைசி வாரத்தில் இ-சேவை மையத்தில் கூட்டம், சர்வர் வேலைசெய்யாது, மழை வேறு. அடங்கல் (எந்த நிலத்தில் யார் என்ன பயிர் செய்கிறார் என்ற கிராமக் கணக்கு), சிட்டா (நில உரிமைப் பதிவு), வங்கிப் புத்தகம், ஆதார் நான்கையும் ஐப்பசி பிறப்பதற்குள் தயாராக வைத்து முதல் வாரத்திலேயே கட்டிவிடுங்கள்.

குத்தகைக்குச் சாகுபடி செய்பவர்களுக்கு இதில் பெரிய வில்லங்கம் உண்டு. அடங்கலில் யார் பேர் இருக்கிறதோ அவருக்குத்தான் இழப்பீடும் நிவாரணமும் போகும். கோயில் நிலம், மடத்து நிலம் நிறைந்த இந்த மாவட்டத்தில், சேற்றில் நின்றவர் ஒருவர், பணம் வாங்கியவர் இன்னொருவர் என்று கண்ணால் பார்த்திருக்கிறேன். கிராம நிர்வாக அலுவலரிடம் சாகுபடி செய்பவர் பேரிலேயே அடங்கல் கேளுங்கள். விதைத்த அன்று, தூர் கட்டியபோது, கதிர் வந்தபோது, வயலில் நின்று இடமும் தேதியும் பதிவாகும்படி போட்டோ எடுத்து வையுங்கள். அறுத்துப் பரப்பிய நெல்லுக்கும் 14 நாள் வரை பாதுகாப்பு உண்டு. சேதமானால் 72 மணி நேரத்துக்குள் தகவல் கொடுத்திருக்க வேண்டும்.

கரையும் நம் வேலைதான்

வயல்காரர்களும் கடல்காரர்களும் தனித்தனி ஊராக இருப்பதால் தனித்தனிப் பிரச்சினை என்று நினைத்துக்கொள்கிறோம். முகத்துவாரத்தில் மணல் மேடிட்டால் படகு போகமுடியாது, நம் வடிகாலும் வடியாது. இரண்டு ஊரும் தனித்தனியாக மனு கொடுப்பதை விட்டுவிட்டு ஒரே மனுவில் கையெழுத்துப் போடுங்கள். மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. அவர்களுக்கும் ஓய்வு, நமக்கும் தரிசு. உட்கார்ந்து பேச அதைவிட நல்ல சமயம் இல்லை.

மணல்மேட்டை வெட்டி மண் எடுக்க விடாதீர்கள். புயல் அலைக்கு முதல் தடுப்பு அதுதான், நல்ல தண்ணீரைத் தாங்கிப் பிடிப்பதும் அதுதான். முன்வரிசையில் அடம்பங்கொடியும் இராவணன் மீசையும் படர்ந்தால் மணல் காற்றில் பறக்காது. சவுக்கு வைக்க வேண்டுமானால் அவற்றுக்குப் பின்னால் வையுங்கள், அதற்கும் பின்னால் பனை. ஆறு கடலில் சேரும் சேற்று நிலத்தில் அலையாத்தி. பிச்சாவரத்திலும் முத்துப்பேட்டையிலும் காடு அழிந்த இடங்களில் தண்ணீர் தேங்கி, வெயிலில் வற்றி, உப்பு ஏறிக் கிடந்தது. அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி ஏற்ற இறக்கத் தண்ணீர் தினமும் போய்வரும்படி செய்த பிறகுதான் கன்று பிழைத்தது. இங்கேயும் வடிகால் கதைதான்.

பக்கத்தில் இறால் குட்டை இருந்தால் கழிவுத்தண்ணீர் எந்த வாய்க்காலில் விழுகிறது என்று பாருங்கள். நன்செய் நிலத்தை இறால் குட்டையாக்குவதை எதிர்த்துக் காந்தியவாதி ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில்தான் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. 2005-ல் கடலோர நீர்வாழ் உயிரின வளர்ப்புக்கென ஆணையச் சட்டம் வந்தது. பதிவு செய்யாமல் குட்டை நடத்தக்கூடாது. பதிவு இருக்கிறதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

புயல் சின்னம் என்று சொன்னதும்

வேளாண் வானிலை அறிக்கை செவ்வாய், வெள்ளிகளில் வரும். மேகதூத் செயலியில் தமிழில் பார்க்கலாம். ஆரஞ்சு எச்சரிக்கை வந்தவுடன் யூரியாவையும் மருந்தையும் தொடாதீர்கள். வடிகால் வாயைத் திறந்து, வயலில் நிற்கும் தண்ணீரை முன்கூட்டியே இறக்கிவிடுங்கள். தென்னையில் முற்றிய காயையும் கீழ்மட்டைகளையும் இறக்கிவிட்டால் காற்றுக்குப் பாரம் குறையும். மாட்டை அவிழ்த்துவிடுங்கள், கட்டிப்போட்டுவிட்டு நீங்கள் மட்டும் முகாமுக்குப் போய்விடாதீர்கள். கஜாவில் கட்டுத்தறியிலேயே செத்த மாடுகளை இன்றும் மறக்க முடியவில்லை. நிலப்பத்திரம், அடங்கல், பள்ளிச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு இறுக மூடிக் கையோடு எடுத்துப் போங்கள்.

புயல் கடந்ததும் முதலில் வயல் தண்ணீரை நாக்கில் வைத்துப் பாருங்கள். மழைத்தண்ணீர் என்றால் நிதானமாக வடிக்கலாம். கடல் தண்ணீர் என்றால் அது மண்ணில் இறங்குவதற்குள், அன்றைக்கே, கடல் வற்றும் நேரத்தில் வரப்பை வெட்டி வடித்துவிடுங்கள். சேறு படிந்திருந்தால் அதை உழுது மண்ணோடு கலந்துவிடாமல் வழித்து வெளியே கொட்டுங்கள். வடிந்த வயலில் பயிர் மஞ்சளாக நின்றால், ஏக்கருக்கு யூரியா 22 கிலோ, ஜிப்சம் 18 கிலோ, வேப்பம்புண்ணாக்கு 4 கிலோ மூன்றையும் கலந்து ஓர் இரவு வைத்து, காலையில் 17 கிலோ பொட்டாஷ் சேர்த்து இடுங்கள். தண்ணீர் முழுசாக வடியாத வயலில் போட்டால் உரம் தண்ணீரோடு போய்விடும்.

இன்னொன்று. உங்கள் விதையில் ஒரு மூட்டையை, உளுந்தில் நாலு மரக்காலைச் சேர்த்து, மன்னார்குடிப் பக்கமோ நீடாமங்கலம் பக்கமோ மேட்டு ஊரில் இருக்கும் உறவுக்காரர் வீட்டில் ஆவணியிலேயே கொண்டுபோய் வைத்துவிடுங்கள். புயலுக்கு மறுவாரம் எங்கள் ஊரில் விதைநெல் கேட்டு அலைந்தவர்களுக்குக் கையில் பணம் இருந்தது, நனையாத விதைதான் யார் வீட்டிலும் இல்லை.